தூரத்து எழுத்தில் ஒரு மகள்

நிஷிமோரி வீட்டு மகள் தோக்கோ மடியில் ஏறி உட்கார்ந்தாலும் கடற்கரையின் அந்தக் கோடியில் நிற்பவள் போலத்தான் கண்ணுக்குத் தெரிவாள். சாதாரண நாளில் ஓர் அரிசி உயரம், வானம் தெளிவாக இருந்தால் அவரைக்கொட்டை உயரம். குரலும் அப்படித்தான், பக்கத்தில் நின்று பேசினாலும் தண்ணீரைத் தாண்டி வருவது போலச் சற்றுத் தாமதமாக, காற்று அடிக்கிற பக்கம் பார்த்து வரும். கை மட்டும் கையாகவே இருந்தது. தொட்டால் சூடு உண்டு, பிடித்தால் பிடி உண்டு, குளிப்பாட்டினால் சோப்பு வழுக்கும். நாகிஹாமாவில் இதற்காக யாரும் டாக்டரைத் தேடி ஓடவில்லை. அவள் பெயரை எழுதிய எழுத்து அப்படி, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் பெயர் வேலை செய்யும். ஓசை அல்ல, எழுத்து. ஒரே ஓசையை நம் ஜப்பான் தேசத்தில் பத்து விதமான கான்ஜி எழுத்தில் எழுதலாம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அர்த்தம். மற்ற ஊர்களில் அதைச் சுவரில் அழகாக எழுதி ஒட்டி, பெருமைப்பட்டு, மறந்துவிடுகிறார்கள். இங்கே அப்படி விட முடியாது. எதிரும் புதிருமான இரண்டு வீடுகளில் இரண்டு யுகியேக்கள் இருந்தார்கள். ஒருத்திக்கு 'அதிர்ஷ்டம்' என்ற எழுத்து, அவளுக்குக் கோயில் குலுக்கலில் வருஷா வருஷம் ஏதாவது விழும், பெரும்பாலும் துண்டு. இன்னொருத்திக்கு 'பனி' என்ற எழுத்து. ஷிக்கோக்குத் தீவின் தெற்குக் கரையில் பனி பெய்வது அபூர்வம், ஆனால் இந்த யுகியே வீட்டுக் கூரையில் மட்டும் ஆகஸ்ட் மாதத்திலும் முழங்கால் அளவு கிடக்கும். மீன்காரர்கள் ஏணி வைத்து ஏறி, அவளைக் கேட்காமலே மீன் பெட்டிகளை வைத்துவிட்டுப் போவார்கள். முடிவெட்டும் இவாவோவுக்குப் 'பாறை'. ஆள் ஒடிசல்தான், ஆனால் படகில் கால் வைத்தால் படகு சாய்ந்துவிடும், அதனால் அவனை ஒரு முதலாளியும் கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. அவன் பாட்டுக்குக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டான். எல்லாருக்கும் எல்லாம் பழகிவிடுகிறது.

அதனால் இங்கே பிள்ளைக்குப் பெயர் வைப்பது என்றால் வீட்டில் சண்டை இல்லாமல் நடக்காது. தோக்கோவின் அம்மா ஹிசானோவுக்கு 'நெடுநாள்' என்ற எழுத்து. அவள் ஊற்றி வைத்த தேநீர் மறுநாள் காலையிலும் ஆவி பறக்கும். அவள் காத்திருக்கிற எதுவும் சீக்கிரம் வராது. கணவன் வதாருவுக்கு 'நீரைக் கடப்பது' என்ற எழுத்து. அவன் எங்கே நடந்தாலும் ஈரக் காலடி விழும், கோடையில் நடுத்தெருவில் நடந்தாலும் விழும். அப்படிப்பட்டவனைக் கரையில் கட்டிப்போட முடியுமா? ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குச் சூரை மீன் பிடிக்கப் போகும் பெரிய கப்பல் ஒன்றில் ஏறினான், ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் திரும்புவான். ஷோவா முப்பத்துநாலாம் வருஷம், அதாவது 1959-ல், குழந்தை பிறந்தபோது அவன் கேப் டவுனுக்கும் கீழே எங்கேயோ மிதந்துகொண்டிருந்தான். அங்கிருந்து ஒரு தந்தி வந்தது. 'பெண்ணானால் தோக்கோ. ஆணானால் நீயே வை.'

தந்தியில் கான்ஜி எழுத்து போகாது, ஓசை மட்டும்தான் போகும். எந்தத் தோக்கோ என்பது ஹிசானோவின் பாடு. அது வதாருவுக்கும் தெரியும், தெரிந்துதான் அனுப்பினான். தாய் பார்த்து வைக்கட்டும் என்று அவனுக்கு எண்ணம். ஊர்ப் பெண்கள் வந்து ஆளுக்கொன்று சொன்னார்கள். 'குளிர்காலம்' வைத்தால் கோடையில் விசிறி மிச்சம் என்றாள் பனி யுகியே. 'விளக்கு' வைத்தால் புயல் நாளில் உதவும். 'ஊடுருவித் தெரிவது' என்று ஓர் எழுத்து உண்டு, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மேலத்தெருவில் அதை வைத்த ஒரு பையனைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் கண்டுபிடிக்க முடிகிறது, அதனால் அது வேண்டாம் என்று எல்லாரும் ஒன்றாகச் சொன்னார்கள். ஹிசானோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஏழாம் நாள் வழக்கப்படி சிவப்புப் பயறு போட்டுச் சோறு வடித்து, சங்கரா மீன் சுட்டு, வெள்ளைத் தாளில் மை தொட்டு அவளே எழுதினாள். எழுதியது 'தூரம்'.

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஆபீசுக்குப் போனாள். பிறப்புப் பதிவு மேசையில் இருந்தவர் தொகுஹிரோ, எழுத்து விஷயத்தில் எவ்வளவோ பட்டவர், இவாவோவின் அப்பாவை எச்சரித்தும் அவர் கேட்காமல் போன வருத்தம் இன்னும் ஆறாதவர்.

“ஏம்மா, தூரமா? நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களா?”

“யோசிச்சேன். அவரு இதோட மூஞ்சியப் பாக்கறதுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும். தூரத்துல இருக்கற மனுஷன். இந்த எழுத்தா இருந்தா அவரு வரைக்கும் புள்ள போய்ச் சேரும்ல?”

“போய்ச் சேரும், சரி. உங்க கிட்ட?”

“என் கிட்டதானே இருக்கு, என் இடுப்புல” என்று ஹிசானோ சிரித்தாள். தொகுஹிரோ பெருமூச்சு விட்டு முத்திரை குத்தினார். பாவம், ஒரு பக்கத்தை மட்டும் கணக்குப் போட்டாள். ஆசை இருக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். முத்திரை காய்வதற்குள் இடுப்பில் இருந்த குழந்தை சிறுத்துக்கொண்டே போய், ஆபீஸ் சுவரைத் தாண்டி, துறைமுகத்தைத் தாண்டி, கடலும் வானமும் சேர்கிற இடத்தில் ஒரு புள்ளியாய் நின்றது. கனம் மட்டும் இடுப்பிலேயே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் இரண்டாவது தந்தி வந்தது. 'வந்து சேர்ந்தாள். இடது காதுக்குக் கீழே மச்சம். நன்றாக அழுகிறாள்.' கப்பலில் வதாரு தூண்டில் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மடியில் ஏதோ நனைந்தது, குனிந்து பார்த்தால் முழு அளவில் மகள். சமையற்காரர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அந்தத் தளத்தில் இனி ஒருவரும் கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று கப்பல் தலைவன் உத்தரவு போட்டான், அதனால் அந்தக் கப்பலில் வேலை மிகவும் மௌனமாக நடந்தது. ஒரே குழந்தை அம்மா கையிலும் அப்பா மடியிலும் எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நாகிஹாமாவில் யாரும் கேட்டதில்லை. ஹிசானோ தந்தியைப் படித்துவிட்டுக் குழந்தையின் இடது காதுக்குக் கீழே விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். மச்சம் விரலுக்குத் தட்டுப்படுமா? தட்டுப்படவில்லை. அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக அழுதாள்.

அப்படியே வளர்ந்தாள் தோக்கோ. அவள் அழுகை வந்து சேர்வதற்குள் ஹிசானோ பால் கொடுத்து முடித்திருப்பாள். தலை வாருவது, நகம் வெட்டுவது எல்லாம் தடவித்தான். பள்ளிக்கூடத்தில் வகுப்புப் போட்டோ எடுத்தால் இரண்டாவது வரிசையில் ஒரு காலி இடம் இருக்கும், அதில் பேனா முனை பட்டது போல ஒரு கறுப்பு. அதே வகுப்பில் இன்னும் இரண்டு தோக்கோ இருந்தார்கள், 'குளிர்காலம்' ஒருத்தி, 'விளக்கு' ஒருத்தி. ஜூலை மாதம் பிள்ளைகள் எல்லாரும் ஒருத்தியைச் சுற்றி உட்காருவார்கள், மின்சாரம் போனால் இன்னொருத்தியை நடுவில் நிறுத்துவார்கள். எங்கள் தோக்கோவை ஓட்டப் பந்தயத்தில் சேர்க்கவில்லை, அவள் கோட்டை எப்போது தொட்டாள் என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அவள் அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ரகமும் இல்லை. காலையில் எழுந்திருக்கும்போது தலைமுடியில் உப்பு இருக்கும். “அப்பா இன்னிக்கும் ஷேவ் பண்ணலம்மா, முள்ளு மாதிரி குத்துது” என்பாள். அது காதுக்கு வந்து சேரும்போது ஹிசானோ பாதிச் சோறு உருட்டியிருப்பாள்.

மகளின் முகத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தந்தியில் வந்தது. 'முன்பல் இரண்டு விழுந்தன.' 'சிரித்தால் வலது கன்னம் மட்டும் குழிகிறது.' 'புருவத்தைச் சுளிக்கிறாள், உன்னை மாதிரி.' தந்தி என்பதால் வார்த்தை சிக்கனம், முகமும் துண்டு துண்டாகவே வந்தது. மாசிக் கருவாடு புகைபோடும் கொட்டகையில் ஹிசானோவுக்கு வேலை. அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரு முகம் செய்து பார்ப்பாள். மூக்கைப் பற்றி மட்டும் வதாரு ஒரு நாளும் எழுதவில்லை. எந்த மூக்கை வைத்தாலும் சரியாக வராமல், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பிப்பாள். பெற்ற பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவளுக்கு அதைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வதாரு ஊருக்கு வரும்போது நிலைமை இன்னும் மோசம். கப்பல் வீட்டை நெருங்க நெருங்க தளத்தில் நிற்கும் மகள் குறைந்துகொண்டே வருவாள். ஜப்பானின் தெற்குத் தீவுகளைத் தாண்டும்போது அவன் இடுப்பளவு, துறைமுக வாயிலில் அரிசி. எல்லா ஆண்களும் கரையில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு இறங்குவார்கள், இவன் மட்டும் தளத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்குவான். வீட்டில் சில வாரம் இருப்பான். சாப்பாட்டு மேசையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். பிறகு அவன் கால் நிலைகொள்ளாது, பாய் எல்லாம் ஈரமாகும், அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவான். எதற்குப் போகிறான் என்று ஹிசானோவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் ஒரு நாள் வெடித்தாள்.

“வருஷத்துல இருபது நாள் வீட்டுல இருக்கற மனுஷனுக்குப் பொண்ணு முழுசா, பெத்தவளுக்கு ஒரு புள்ளியா? இது எந்த ஊரு நியாயம்?”

வதாரு நல்லவன், ஆனால் பேச்சு அவனுக்கு ஒரு மீன்முள். சாப்பிட்ட கிண்ணத்தைத் தானே கழுவி வைத்துவிட்டு, ஈரக் காலோடு கப்பலுக்குப் போனான்.

தோக்கோவுக்குப் பத்து வயது இருக்கும்போது ஹிசானோ பெரிய ஊர்க் குடும்ப நீதிமன்றத்துக்குப் போய், மகள் பெயரின் எழுத்தை மாற்ற அனுமதி கேட்டாள். ஓசை அதே தோக்கோவாக இருக்கட்டும், எழுத்து மட்டும் 'விளக்கு' ஆகட்டும் என்று மனு. நீதிபதி கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, “குழந்தையக் கூட்டிட்டு வரலையா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து எதிர் நாற்காலியில் இருந்து, அக்கரையில் இருந்து வருவது போல, “வந்திருக்கேன் ஐயா” என்று குரல் வந்தது. அவர் வேறு கேள்வி கேட்காமல் அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். இனி அதை ஊர் ஆபீசில் கொடுத்தால் முடிந்தது. ஆனால் அதற்கு முன் ஹிசானோ முறைப்படி கப்பலுக்கு ஒரு தந்தி கொடுத்தாள். திட்டி வரும், கெஞ்சி வரும், இரண்டுக்கும் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். வந்தது வேறு. 'மாற்று. நான் பத்து வருஷம் பார்த்தேன். போதும். இனி நீ பார்.'

அந்தத் தந்தியும் அனுமதித் தாளும் ஒரு கையில், மகள் இன்னொரு கையில், தொகுஹிரோவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் முத்திரையை மையில் அழுத்தி, மூச்சை ஊதி, தயாராக வைத்தார். அவருக்கும் இதில் பத்து வருஷத்து உறுத்தல் இருந்தது.

“குடுங்கம்மா. ஒரே குத்து.”

ஹிசானோ கொடுக்கவில்லை. தந்தியைத் திரும்பப் படித்தாள்.

“போதுமாம். பாத்தீங்களா? மாசித் தண்ணியில போட்ட சூப்ப நாலாவது கிண்ணம் குடிச்சிட்டும் போதும்னு சொல்லாத ஆளு. பச்சப் பொய்யி.”

“பொய்யோ நெஜமோ, அனுமதி குடுத்திருக்காரு இல்ல?”

“அதான் தப்பு. சண்ட போட்டிருந்தா குடுத்திருப்பேன்.” தாளை மடித்து இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டாள். “அப்புறமா வரேன்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தோக்கோ ஒன்றும் பேசவில்லை, அல்லது பேசியது வந்து சேரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, பாதி வழியில் அவள் சொன்னது வந்து சேர்ந்தது. “அம்மா, குனி. என் மூஞ்சிய நல்லாத் தொட்டுப் பாத்துக்கோ. அவசரமே இல்ல.” ஹிசானோ அங்கேயே உட்கார்ந்து நெற்றியில் இருந்து ஆரம்பித்துத் தாடை வரைக்கும் இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். கை நெடுநாள் மறக்காது, அவள் எழுத்து அப்படி. ஆனாலும் கை கண்ணாகிவிடுமா?

ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா என்று பிள்ளைகளை ரயிலில் தகமாட்சுவுக்குக் கூட்டிப் போனார்கள். அன்று மத்தியானம் ஹிசானோ கொட்டகையில் நிமிர்ந்தபோது, வாசலில் பள்ளித் தொப்பி போட்ட ஒரு பெண், கொலு பொம்மை உயரம், மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள், இன்னும் நின்றது. சாயங்காலம் ரயில் திரும்பி வரும் நேரத்துக்கு ஒன்றும் இல்லை. பனி யுகியேயிடம் சொன்னாள். “பொகை கண்ணுல ஏறுனா அப்பிடித்தாங்க்கா இருக்கும். போன மாசம் நான் என் மாமியாரப் பாத்தேன், செத்து ஏழு வருஷம் ஆச்சு” என்று யுகியே சொல்லிவிட்டாள். தோக்கோவோ அன்று மலைக்கோயில் படியில் எல்லாரோடும் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்னும்போது, மாசிப் புகை மூக்கில் ஏறித் தும்மியிருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மனதில் மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஷோவா ஐம்பத்திரண்டில் பள்ளி முடிந்தது. நர்ஸ் படிப்பு படிக்கிறேன் என்றாள், சரி. எங்கே என்று கேட்டால், குஷிரோ என்றாள். வடகோடித் தீவான ஹொக்கைடோவின் கிழக்கு ஓரம், அதற்கு மேல் போனால் ரஷ்யாக்காரன் கடல். பக்கத்துப் பெரிய ஊரிலேயே நர்ஸ் பள்ளிக்கூடம் இருக்கும்போது எதற்கு அங்கே என்று ஊரே கேட்டது. இவாவோ முடிவெட்டுவதை நிறுத்திவிட்டு, ஆள் பிறந்த இடத்திலேயே இருந்தால் என்ன குறை என்று அரைமணி நேரம் பேசினான், அவனுக்கு அது சுலபம். ஹிசானோ மூன்றாம் நாள் பயண மூட்டை கட்டும்போது ஒரேயடியாகப் பேசினாள்.

“ஏற்கெனவே எவ்ளோ தூரத்துல இருக்கே. இன்னும் எங்கடி போகப் போறே? கையாவது மிச்சம் இருக்குன்னு இருந்தேன். அதையும் எடுத்துட்டுப் போறியா? நீ போறதா இருந்தா நான் இப்பவே ஆபீசுக்குப் போயி அந்த எழுத்த மாத்திடுவேன். அப்பனும் வேணாம், ஆத்தாளும் வேணாம், எவனுக்கும் தூரமா இருக்க வேணாம் நீ.”

சொன்னபடியே இடுப்புப் பட்டிகள் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து அந்த அனுமதித் தாளை எடுத்துவிட்டாள். எட்டு வருஷமாகியும் மை அப்போதுதான் காய்ந்தது போல இருந்தது, அவள் வைத்திருந்த தாள் அல்லவா. அவள் கையைத் தோக்கோ பிடித்துக்கொண்டாள். பதில் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“மாத்திக்கோம்மா. நான் வேணாங்கல. ரயிலு போனதுக்கு அப்பறம் மாத்து. நாளான்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோ, அது போதும்.”

“பொறுத்துக்கறது எனக்காடி தெரியாது?” என்றாள் ஹிசானோ. தாளை அடுப்படி மேசைமேல், எடுக்கச் சுலபமாக வைத்தாள்.

காலை ரயிலுக்கு ஊரில் பாதிப் பேர் வந்தார்கள். யாரும் தோக்கோவைப் பார்த்து அழ முடியவில்லை, அவள் எங்கே நிற்கிறாள் என்று தேடுவதற்குள் கண்ணீர் வேறு பக்கம் போய்விடும். ஹிசானோ ஜன்னல் வழியாக மகள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள், பிறகு பிளாட்பாரம் முடிந்தது. கை போயிற்று. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கை அவளை விட்டு அப்படிப் போனது அதுதான் முதல் தடவை. ஊரார் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்கள். ரயில் வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போனது. ஹிசானோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ரயில் தீப்பெட்டி அளவு ஆகியிருந்தது, ஆனால் அதன் கடைசி ஜன்னலில் தீக்குச்சி அளவுக்கு ஒரு பெண் கையாட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஜன்னலைவிடப் பெரியவளானாள். சுரங்கப்பாதைக்குள் ரயில் நுழைந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது பக்கத்தில் ஏதோ கூட வந்தது, ஒரு பூனைக்குட்டி உயரம். கடைத்தெருவைத் தாண்டும்போது நாய் உயரம். ஹிசானோ பயத்தில் குனிந்து பார்க்கவில்லை, பார்த்தால் போய்விடும் என்று. தகமாட்சுவில் மகள் கப்பல் ஏறி உள்கடலைக் கடந்த நேரத்தில் அடுப்படியில் பலகைமேல் ஐந்து வயதுப் பிள்ளை உயரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். டோக்கியோவில் வண்டி மாறினபோது தோளுக்கு வந்தாள். மறுநாள் வடக்கு ஜலசந்தியையும் தாண்டி, ரயில் குஷிரோவுக்குள் போன சாயங்காலம், மேசைக்கு எதிர்ப்பக்கம் தோக்கோ முழுசாக, அம்மாவைவிட நாலு விரல் உயரமாக உட்கார்ந்து, பழக்கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, “கத்தி எங்கம்மா?” என்றாள். குரல் தாமதிக்காமல் உடனே வந்தது.

ஹிசானோ கத்தியைக் கொடுக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். இடது காதுக்குக் கீழே மச்சம், இருந்தது. சிரித்தால் வலது கன்னம் குழிந்தது. புருவம் அவளுடையதுதான், சந்தேகமே இல்லை. முகத்து நடுவில் பார்த்துவிட்டு, ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

“மூக்கு அப்பிடியே அந்த மனுஷனோடது! அதான் சொல்லாம இருந்திருக்காரு, கள்ளன். வெக்கம்!”

“அவ்ளோ மோசமாவாம்மா இருக்கு?”

“மோசமாத்தான் இருக்கு. அசையாத, இன்னும் பாக்கணும்” என்றாள் ஹிசானோ. அவளுக்கு எதையும் நெடுநேரம் செய்யத் தெரியும், அன்றைக்கு அது உபயோகப்பட்டது.

மகளை அனுப்பிவிட்டுத் தனியாகக் கிடப்பாளே என்று ஆறுதல் சொல்ல யுகியே, முடியில் அவள் கூரைப் பனி ஒட்டியிருக்க, ஒரு கிண்ணம் குழம்போடு வந்தாள். கதவைத் தள்ளினால், அடுப்படியில் தாயும் மகளும் எதிரெதிராக உட்கார்ந்து பம்பளிமாஸ் உரித்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள். நடுவில் நீதிமன்றத்து அனுமதித் தாள் விரித்திருக்கிறது, அதன்மேல் தோலும் விதையும் குவிந்திருக்கின்றன. யுகியே மகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறந்ததில் இருந்து அரிசியாகப் பார்த்த பிள்ளை.

“அட, தோக்கோவா? அப்ப போய்ச் சேந்துட்டாளா?”

“இப்பதான், ஒரு மணி நேரம் ஆச்சு” என்றாள் ஹிசானோ. “அங்க ரொம்பக் குளிராம். உக்காரு, உனக்கும் ரெண்டு சுளை எடுத்துக்கோ.”

“ஆபீசுக்குப் போகணும்னு சொன்னீங்களேக்கா. பூட்டியிருப்பாங்களே.”

“பூட்டட்டும்” என்று சொல்லி ஹிசானோ விதையைத் தாளில் துப்பினாள்.

அடுத்த வருஷம் வதாரு கப்பலை விட்டு இறங்கினான். கடலுக்குப் போகக் காரணம் எதுவும் மிச்சம் இல்லை, வீட்டுக்குள்ளேயே மகள் முழு அளவில் இருந்தாள். பாய் ஈரமாவது நிற்கவில்லை, அதற்கு ஹிசானோ வாசல் ஓரமாகப் பழைய சாக்கு ஒன்று போட்டாள். குஷிரோ ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் அரிசி அளவில்தான் இருந்தாள், சூடான கை மட்டும் வந்து நோயாளியின் நெற்றியைத் தொடும். யாரும் புகார் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிறவள் போடுகிற ஊசி அவ்வளவாக வலிப்பதில்லை என்று அவள் வார்டுக்கே இடம் கேட்டு வந்தார்கள். அங்கேயே ஒரு பால்பண்ணைக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வீட்டை விட்டு மூன்று நாள் மாட்டுச் சந்தைக்குப் போனால் மட்டும் அவன் முகம் பிரகாசமாக இருக்கும் என்று சொல்வார்கள்.

புத்தாண்டுக்கு வருஷம் தவறாமல் அவள் ஊருக்கு வருகிறாள். ரயில் நெருங்க நெருங்க வீட்டில் இருக்கிறவள் குறைவாள், வாசலில் மூட்டையை இறக்கி வைக்கும்போது பழைய அரிசி. மூன்று நாளும் ஹிசானோ மகள் கையை விடுவதில்லை, சமையல்கூட ஒரு கையால்தான். நாலாம் நாள் விடிந்ததும் வதாரு ஈரக் காலோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான். ஹிசானோ வழிக்குச் சோறு கட்டி மகள் கையில் திணித்து, அந்தக் கையை இறுக்கி ஒரு தடவை பிடித்துவிட்டு, முதுகில் தட்டுவாள்.

“போதும் போதும், சீக்கிரம் கெளம்பு. ஒன் மூஞ்சியப் பாத்து மூணு நாளாச்சு.”